புகைக்கு அடங்காத பல்

ராமாத்தாள்: ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? அடுத்தது நீங்கதான… அப்பறந்தான் நானு.

ஆண்டி: இல்லீங்க அம்மிணி… நோவு நின்னு போச்சாட்ட இருக்குது. அடுத்த பஸ்ஸுக்குப் போயிரலாம்னு…

ராமாத்தாள்: சேலத்துப் பல்லு டாக்டரு வாசல்ல வந்து உக்காந்தா எல்லாருக்குந்தான் நின்னு போவுது. பஸ் ஏறுனதும் மறுபடி புடிச்சுக்கும். அதும் பெட்ரோலு இல்லாம கரிப் புகையில ஓடற பஸ்ஸு. அது குலுக்கற குலுக்கல்ல தாவாக்கட்டையே கழண்டுக்கும். உக்காருங்க.

ஆண்டி: உள்ள ஒருத்தரு கத்துனாரே…

ராமாத்தாள்: அவரு வாயத் தொறங்கன்னதுக்கே கத்துனாரு. அதிருக்கட்டும், துண்டை இப்படிச் சுத்தியிருக்கறீங்களே, உள்ள இருக்கறது பல்லா, பலாப்பழமா?

ஆண்டி: சிரிக்காதீங்க. கண்ணு வரைக்கும் வீங்கிக் கெடக்குது. ராத்திரியில பொட்டுத் தூக்கமில்லீங்க.

ராமாத்தாள்: அடப் பாவமே. பேரு என்னங்க?

ஆண்டி: பேரு… சின்னுசாமிங்க. புளி யாவாரம்.

ராமாத்தாள்: நானு ராமாத்தா. மல்லசமுத்திரம்.

ஆண்டி: உங்களுக்குப் புடுங்கறாருங்களா?

ராமாத்தாள்: புடுங்கலீங்க. பல்லுக்குள்ள ஒரு நரம்பு இருக்குதாமா, வேரு நுனி வரைக்கும். எனக்கு அது அழுகிப் போச்சு. ஈறுல ஊசி போட்டு மரக்க வெச்சு, பல்லுல ஓட்டை போட்டு, அந்த நரம்பை நூலாட்டம் உருவிப் போடுவாரு. அப்பறம் உள்ள கழுவி, மருந்து வெச்சு அடைக்கறது.

ஆண்டி: ஓட்டையா! எதுலீங்க?

ராமாத்தாள்: தையல் மிஷினாட்ட ஒண்ணு. கீழ காலுல மிதிக்கறாரு, மேல வாயில சுத்துது.

ஆண்டி: நான் வாரேனுங்க.

ராமாத்தாள்: அட, உக்காருங்கன்னா! நானும் ஓடுனவதான். மொத தடவை மருந்து வெச்சு உட்டாரு. வேலை பாதிதான் ஆச்சு, மறுபடி வாங்கன்னாரு. ஊட்டுக்குப் போனா நோவு சுத்தமா இல்ல. இனி எதுக்கு டாக்டருன்னு இருந்துட்டேன். கடலை மென்னேன், கரும்பு கடிச்சேன். அடைச்சது கழண்டு உழுந்துருச்சு. அப்பறம் வீங்குச்சு பாருங்க… வாயே தொறக்க முடியல. என்ற ஊட்டுக்காரருக்கு அந்த வாரம் பூரா தீவாளி.

ஆண்டி: நோவு நின்னா கொணமாயிருச்சுன்னுதானுங்களே அருத்தம்?

ராமாத்தாள்: நரம்பு செத்தாலும் நோவு நிக்குமுங்க. அழுகல் உள்ளயே இருந்துக்கிட்டு எலும்பைத் திங்குமாமா. அதுக்கு டாக்டரு என்னைத் திட்டுனாரு பாருங்க…

ஆண்டி: ம்…

ராமாத்தாள்: அதுக்கெல்லாம் முன்னால ராசிபுரம் சந்தையில ஒரு பூச்சி வைத்தியருகிட்டப் போனேன். கண்டங்கத்திரி வெதையச் சுட்டுப் புகை போடுவாரே, பல்லுப் பூச்சி உழுகும்னு… அவருதான்.

ஆண்டி: உழுந்துதுங்களா?

ராமாத்தாள்: கிண்ணித் தண்ணியில வெள்ளையா மெதந்துச்சு. நோவு அப்படியே இருந்துச்சு, கன்னம் வெந்து போச்சு.

ஆண்டி: அது… நீங்க வாயச் சரியாக் காட்டியிருக்க மாட்டீங்க.

ராமாத்தாள்: அதெப்படி உங்களுக்குத் தெரியும்?

ஆண்டி: பொதுவாச் சொன்னேன். அவரு நல்ல கைராசிக்காரருன்னு கேள்வி.

ராமாத்தாள்: ஆமாமா. கைக்குள்ள இருந்துதான பூச்சியே வருது.

ஆண்டி: அம்மிணி! அப்படியெல்லாம் பேசாதீங்க…

டாக்டர்: அடுத்தது யாரு? சின்னுசாமி!… யாருங்க சின்னுசாமி?

ராமாத்தாள்: உங்களைத்தானுங்க. பேரு மறந்து போச்சுங்களா?

*

டாக்டர்: துண்டை எடுங்க. வாயைத் தொறங்க… இன்னும்… அடேயப்பா! கடவாப் பல்லு. வேருல சீழ் கட்டியிருக்கு.

ஆண்டி: புடுங்கிப் போடுவீங்களா?

டாக்டர்: வேண்டாம், பல்லு கெட்டியா நிக்குது. காப்பாத்திரலாம். ஆமா… இதென்ன, கன்னத்துக்குள்ள பூரா வெந்திருக்கு? புகை போட்டீங்களா?

ஆண்டி: ஆமாங்க.

டாக்டர்: எவன் போட்டான்?

ஆண்டி: …நானேதானுங்க.

டாக்டர்: நீங்களேவா? ஏன்?

ஆண்டி: இந்த வெசயத்துல வேற யாரு மேலயும் எனக்கு நம்பிக்கை இல்லீங்க.

டாக்டர்: நல்லாத்தான் இருக்கு. கேட்டுக்கங்க. இன்னைக்குத் தொறந்து சீழை வெளிய உடறேன். நோவு கொறஞ்சுரும். கொறஞ்சாலும் மறுபடி வரணும். வேலை முடியற வரைக்கும் அந்தப் பக்கம் கடிக்கக் கூடாது. முடிஞ்ச பொறவும் அதை வெச்சு எலும்பு கடிக்காதீங்க, ஒடிஞ்சுரும்.

ஆண்டி: ஐயோ… அம்மா…

டாக்டர்: இன்னும் மிஷினைத் தொடவே இல்லைங்க.

ஆண்டி: ஆஆஆ!

டாக்டர்: இது ஊசி. அவ்வளவுதான், முடிஞ்சுது. கையை உடுங்க… என் கையை.

*

ராமாத்தாள்: வந்துட்டீங்களா! உசுரோடதான இருக்கறீங்க?

ஆண்டி: ஒதடு எங்க இருக்குதுன்னே தெரியலீங்க…

ராமாத்தாள்: மரப்பு. சித்தெ நேரத்துல வந்துரும். நோவு?

ஆண்டி: இல்லீங்க… சுத்தமா இல்லீங்க அம்மிணி. இத்தனை நாளு கழிச்சு… பாருங்க, கண்ணுல தண்ணி வருது.

ராமாத்தாள்: தொடைச்சுக்கங்க. யாரும் பாக்கல.

ஆண்டி: ஒண்ணு சொல்லோணும். நான் சின்னுசாமியும் இல்லீங்க, புளி யாவாரியும் இல்லீங்க.

ராமாத்தாள்: தெரியுமுங்க ஆண்டி வைத்தியரே.

ஆண்டி: …எப்பத் தெரிஞ்சுது?

ராமாத்தாள்: துண்டைச் சுத்துனா மொகந்தான மறையும்? அந்தக் கொரலு “இன்னும் தொற, இன்னும் தொற”ன்னு என்னைப் போட்டு வதைச்சுதே, அது மறக்குமுங்களா? உங்க பல்லுல பூச்சி உழுகலீங்களா?

ஆண்டி: கைக்குள்ள வெச்சு நானே கிண்ணியில போட்டாத்தானுங்களே பூச்சி உழுகும்…

ராமாத்தாள்: அப்படி வாங்க வழிக்கு!

ஆண்டி: உங்களைக் கும்புட்டுக் கேட்டுக்கறேன், வெளிய சொல்லிப் போடாதீங்க. சந்தை நாளுல கடையப் போட்டுட்டு டாக்டரு ஊட்டுக்கு வந்தேன்னு தெரிஞ்சா மானமே போயிரும். இனி வீங்குன வாயோட யாரு வந்தாலும் புகை போடல, இங்கயே அனுப்பி உட்டுடறேன். சத்தியமுங்க.

ராமாத்தாள்: அனுப்புங்க. ஆனா கடைய மட்டும் மூடிப் போடாதீங்க.

ஆண்டி: ஏனுங்க?

ராமாத்தாள்: என்ற ஊட்டுக்காரருக்கு டவுன் டாக்டருன்னாவே ஆகாது. இங்க வாரப்பவெல்லாம் உங்ககிட்டப் புகை போடப் போறேன்னு சொல்லிட்டுத்தானுங்க வாரேன்… நாளைக்கு அவரு கேட்டா, இன்னைக்கு நீங்க சந்தையில இருந்தீங்க, எனக்குப் பூச்சி எடுத்தீங்க. கொஞ்சம் பெரிய பூச்சியாவே சொல்லிப் போடுங்க.