அலுமினியத்துக்குள் மாட்டிய காலி இடம்

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பஸ்ஸில் காலைக் கூட்டம். படிக்கட்டுப் பக்கம் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். கண்ணாடி போட்டவள் சொன்னாள்: "ஓட்டையைப் பிடிச்சுட்டேன்டி!"

"வீடு ஒழுகுதா?" என்றாள் தோழி.

"அலுமினியக் கம்பிக்குள்ளடி! நல்லா சூடானா, அணு இருக்க வேண்டிய எடம் அங்கங்க காலியாயிடும். மெதுவா ஆறவிட்டா அந்தக் காலி எடமெல்லாம் நகர்ந்து வெளிய போயிடும். சட்டுனு தண்ணியில போட்டா உள்ளயே மாட்டிக்கும்."

"புரியல."

"தீபத்தன்னிக்கு கிரிவலம் போறோம்ல? நடக்கிற கூட்டத்துல நடுநடுவுல சந்து இருக்கும். மலையில தீபம் தெரிஞ்சதும் எல்லாரும் அப்படியே நின்னு கும்பிடுவாங்க. சந்தும் அங்கயே நின்னுடும்."

"அட, ஆமா! அப்புறம் ஏன் இத்தனை நாளா அழுத?"

"தண்ணித் தொட்டியை லேப்போட அந்தக் கோடியில வச்சிருந்தேன். கம்பியைத் தூக்கிட்டுப் போறதுக்குள்ள ஆறிடுது. நேத்து சூடுபண்ற ஃபர்னஸுக்குக் கீழயே வச்சு, கம்பியைப் பொத்துன்னு விட்டேன். கரண்ட் விட்டா ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி காட்டுது! ஓட்டை மாட்டினாத்தான் அப்படி. எங்க கைடு சாரே தீசிஸ் எழுதுன்னுட்டாரு! இல்லன்னா படிப்பையே விட்டிருப்பேன்."

இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள்.

கண்டக்டர் கத்தினார்: "உள்ள போங்கம்மா! நடுவுல எவ்ளோ எடம் காலியா இருக்கு!"

சிரிப்பில் அவர்களால் நகரவே முடியவில்லை. நான் அவர்களைத் தாண்டிப் போய் அந்த இடத்தில் நின்றுகொண்டேன்.

"பாத்தியா, ஓட்டை போச்சு," என்றாள் கண்ணாடிக்காரி. "டிரைவர் சட்டுனு ஒரு பிரேக் போட்டிருந்தா உள்ளயே மாட்டியிருக்கும்."