மாமனாரின் விருப்பம்

புத்தகத்தைத் தாராளமாக எடுத்துக்கொண்டு போங்கள். பென்சில் கோடுகளைப் பொருட்படுத்த வேண்டாம். வயதானவர்களைக் கடைசிக் காலத்தில் பார்த்துக்கொள்வது பற்றி நான் வாசித்த ஏழெட்டுப் புத்தகங்களில் இதுதான் உருப்படி. உங்கள் அம்மாவைக் கவனிக்கிற உங்களுக்கும் உதவும்.

நாற்பத்தோராம் பக்கத்தில் இரட்டைக் கோடு போட்டிருக்கிறேன். 'அவருக்கு என்ன வேண்டும் என்று அவரையே கேளுங்கள்.' நான் கேட்டேன்.

என் மாமனார் ராகவேந்திரன் கிடர்பூர் துறைமுகத்தில் அதிகாரியாக இருந்தவர். வங்காளிகளே அசந்துபோகிற மாதிரி வங்காளம் பேசுவார். இரண்டாவது பக்கவாதத்தில் வங்காளமும் ஆங்கிலமும் போய்விட்டன. தமிழ் மட்டும் மிஞ்சியது. என் கணவர் முன்பே காலமாகிவிட்டார். மகன் ரஞ்சனுக்கு நான் தமிழ் சொல்லித்தரவில்லை. ஆக, மாமனார் பேசுவது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் புரியும்.

ஆறு வருடம் குளிப்பாட்டினேன், துடைத்தேன், ஊட்டினேன். லேக் மார்க்கெட்டில் பார்க்கிற மாமிகள், பெற்ற பெண்கூட இப்படிச் செய்யமாட்டாள் என்பார்கள். அவரும் என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. தங்கமான மனிதர்.

போன துர்கா பூஜைக்கு முன் மார்ச்சளி கட்டி, விழுங்க முடியாமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் தேற வாய்ப்பு உண்டு, ஆனால் மூக்கில் குழாய் போட வேண்டியிருக்கும், உங்கள் பாஷையில் அவரையே கேளுங்கள் என்றார் வீட்டுக்கு வந்த டாக்டர்.

கேட்டேன். மாமனார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போயிடும்மா, மாதங்கி. குழாய்னா குழாய் போடட்டும். எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்."

நான் டாக்டரிடம் வங்காளத்தில் சொன்னேன்: "போதும், வீட்டிலேயே விட்டுவிடுங்கள் என்கிறார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரஞ்சன் அழுதான்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் இருந்தார். மாமிகள் யாரையும் பார்க்க வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன்; அவருக்கு ஓய்வு வேண்டுமே. "வண்டி வந்துடுத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். "வந்துண்டே இருக்குப்பா" என்பேன். "தாத்தா கீ போல்ச்சே, மா?" என்று, தாத்தா என்ன சொல்கிறார் என்று ரஞ்சன் கேட்டால், ராம நாமம் சொல்கிறார் என்பேன். அவனுக்கு அது பெரிய ஆறுதல்.

களைத்துப்போய்ச் செய்தேன் என்று நினைத்துவிடாதீர்கள். பயந்துபோன மனிதர் சொல்வதெல்லாம் விருப்பம் ஆகாது. தெளிவாக இருந்திருந்தால் நான் சொன்னதைத்தான் அவரும் சொல்லியிருப்பார். எனக்கு ஒரு உறுத்தலும் இல்லை.

எனக்கும் அறுபத்து நான்கு ஆகிறது, ரத்த அழுத்தம் வேறு. ஞாயிற்றுக்கிழமைகளில் ரஞ்சனுக்குத் தமிழ் சொல்லித்தருகிறேன். இந்த வயதில் எதற்கு என்று சிரிக்கிறான். அ, ஆவெல்லாம் மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரே ஒரு வாக்கியம்: "என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிண்டு போ." அர்த்தம் என்ன என்று வாராவாரம் கேட்கிறேன். சரியாகத்தான் சொல்கிறான். இருந்தாலும் இன்னொரு தடவை சொல்லச் சொல்கிறேன்.