அருவியில் கழுவிய பாட்டில்

ஊரெல்லாம் விஷக்காய்ச்சல். குற்றாலத்துத் தர்ம ஆஸ்பத்திரி வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பெண்கள் நின்றார்கள். சின்னவள் தோளில் காய்ச்சலில் துவண்ட பிள்ளை, கையில் மருந்து வாங்க வெறும் பாட்டில். கம்பவுண்டர் அதை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்.

“வெந்நீல போட்டு எடுத்துட்டு வரச் சொல்லுதாரு மதினி. பாட்டிலுக்குமா காய்ச்சல்?”

“யாரு வீட்டு பாட்டிலு?”

“பக்கத்து வீட்டுது. அவ மாமனாருக்கு மருந்து வாங்கினது.”

“கழுவுனியா?”

“அருவிக்கே கொண்டு போயி கழுவுனேன். அம்புட்டு மூலிகையும் தொட்டு வார தண்ணி. அதுக்கு மேல வெந்நீயா?”

“ஏட்டி, அதுக்குக் கீழதான ஊரே நின்னு இருமுது, காறித் துப்புது?”

சின்னவள் சிரிக்கவில்லை. பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

“பன்னெண்டு மணிக்கு கதவச் சாத்திருவாரே. வீட்டுக்குப் போயிட்டு எப்பம் வர?”

“வீட்டுக்கு ஏன் போற? எதுத்த டீக்கடை அண்ணாச்சிட்ட கேளு, பாய்லர் கொதிச்சுக்கிட்டுதான் கெடக்கு. மொதல்ல வெதுவெதுன்னு ஊத்து, இல்லன்னா கண்ணாடி கீறல் விட்டுரும். ஒன் எடத்த நான் பாத்துக்கிடுதேன்.”

அவள் ஓடிப் போய், சுடும் பாட்டிலை முந்தானையில் பிடித்தபடி திரும்பி வந்தாள். கம்பவுண்டர் மறுபடி முகர்ந்து பார்த்து மருந்தை ஊற்றினார்.

இருவரும் நகர்ந்ததும் அடுத்தது நான். அம்மாவுக்கு மருந்து வாங்க வந்திருந்தேன். என் கையில் இருந்தது போன வாரம் தங்கச்சிக்கு வாங்கிய பாட்டில். அதையும் அருவியில்தான் கழுவியிருந்தேன். தங்கச்சி இப்போது இல்லை.

வரிசையை விட்டு விலகி டீக்கடைக்கு நடந்தேன்.