நாலடி ஏறிய வீடு

தாம்பரத்தில் கிளம்பிய காலை ரயிலில் என் எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டை மாட்டியிருந்த இளையவள் சொன்னாள்: "எங்க வீட்டை நாலடி மேல தூக்கிட்டாங்கக்கா."

மூத்தவள் திகைத்துப்போனாள். "வூட்டையா? இன்னா சொல்ற?"

"ரோடு போட்டுப் போட்டு உசந்துடுச்சு. வருஷா வருஷம் மழைத்தண்ணி கட்டில் வரைக்கும் வந்துரும். இடிச்சுக் கட்ட முப்பது லட்சம்னாங்க. ஜாக்கி வச்சுத் தூக்க ஏழு. நகையை வித்துட்டு ஒத்துக்கிட்டோம்."

"தூக்கும்போது இடிஞ்சு வுழுந்தா?"

"அந்த பயம்தான். சுவருக்கு அடியில வரிசையா ஜாக்கி. மேஸ்திரி விசில் அடிச்சா எல்லாரும் ஒரே நேரத்துல திருகுவாங்க. ஒரு விசிலுக்கு ஒரு நூல் அளவுதான் ஏறும். நான் உள்ள சமைச்சுகினு இருந்தேன். அடுப்புல ரசம் கூட அலுங்கலக்கா. ஜன்னல் வழியா பார்த்தா, எதிர்ல காம்பவுண்ட் சுவர் மெதுவா கீழ போவுது!"

பல்லாவரம் வந்தது. பக்கத்தில் நின்றவர்களும் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள்.

"அப்புறம் மழை வந்துச்சா?"

"வந்துச்சு. தெரு முழுக்க தண்ணி, எங்க படியோட நின்னுடுச்சு. எங்க வீட்டுக்காரர் கதவைத் திறந்து வச்சு, வாசல்லயே உக்காந்து அதைப் பாத்துகினே இருந்தாரு. மத்தியானம் தெருக்காரங்க குழந்தைங்களைத் தூக்கிகினு வந்தாங்க. எல்லாருக்கும் எங்க வீட்லதான் சாப்பாடு. இத்தனை வருஷத்துல, மழைக்கு ஒதுங்க எங்க வீட்டுக்கு யாரும் வந்ததே இல்லக்கா."