வேதாந்தம் பேஸின் ஊமை இடம்

மத்தியானம் மூன்று மணி. அசோக் நகர்.

ராத்திரி இல்லை, கவனியுங்கள். பேய் ராத்திரியில்தான் வரும் என்று உங்களுக்கு யார் சொன்னது? சரஸ்வதி பூஜை நாள். கடைக்காரர்கள் பூஜையை முடித்து, ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். தெரு முழுக்க உடைத்துப்போட்ட பூசணிக்காய்... குங்குமம் தடவிய சதை வெயிலில் வாடி, ஒரு புளித்த வாசனை. ஆள் இல்லை. ஒரு நாய்கூட இல்லை. அந்தத் தெருவில் நிரஞ்சன் மட்டும் வண்டியை மெல்ல ஓட்டிக்கொண்டு, ஒரு வீட்டைத் தேடிக்கொண்டு போகிறான்.

நிரஞ்சன் யார் என்றா? என் தோழி ஸஹானாவின் அக்கா மதுவந்தி இருக்கிறாளே, அவள் கணவன். மயிலாப்பூர்க்காரன். உங்களைப் போலத்தான்... வாரம் முழுக்க வேளச்சேரியில் கம்ப்யூட்டர் வேலை, சனி ஞாயிறு பேஸ் கிடார்.

சிரிக்காதே அமீன். கரண்ட் போனதிலிருந்து இந்த ரிகர்சல் ரூமில் நீயும் அனிருத்தும் எதற்காக அடித்துக்கொள்கிறீர்கள்? வேதாந்தம் சிக்னேச்சர் பேஸ் நல்லதா, கெட்டதா. "நெக்கு இன்னா ஸ்மூத்தா கீது தெரியுமா மச்சி" என்கிறாய் நீ. "கையெழுத்துக்குத்தான் காசு, மரம் குப்பை. ஆனாலும் செகண்ட் ஹேண்ட்ல கெடச்சா வாங்குவேன்" என்கிறான் இவன். நான் வாயைத் திறந்தால், "ட்ரம்ஸ் வாசிக்கிறவளுக்கு இன்னா தெரியும்". சரி. ட்ரம்ஸ் வாசிக்கிறவளுக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். போனை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

பேஸ் வேதாந்தம் எத்தனை சினிமாப் பாட்டில் வாசித்தார் என்று அவருக்கே தெரியாது. வாயில் பன்னீர்ப் புகையிலை இல்லாமல் அவரைப் பார்த்தவர் கிடையாது. அவர் போய்ச் சேர்வதற்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கம்பெனி அவருடைய பழைய கிடாரை இஞ்ச் இஞ்சாக அளந்து, அதே மாதிரி செய்து, தலையில் அவர் கையெழுத்தைப் போட்டு விற்றது. அவர் கிடாரில் ஒரு டெட் ஸ்பாட், ஊமை இடம், இருந்தது. எல்லா பேஸிலும் எங்கேயாவது இருக்கும்... அந்த இடத்தில் மட்டும் கம்பியை அழுத்தி மீட்டினால் நாதம் நீடிக்காது. டப். அவ்வளவுதான், செத்துவிடும். அவர் கிடாரில் அது மூன்றாவது கம்பியில், ஏழாவது ஃபிரெட் கட்டத்தில். புதிதாகச் செய்த கிடார்களிலும் அது அப்படியே வந்துவிட்டது. மரக் கோளாறு என்கிறார்கள் பாதிப் பேர். அவரே கேட்டு வைக்கச் சொன்னார் என்கிறார்கள் மீதிப் பேர். கடைசிக் காலத்தில் சர்க்கரையால் அவருடைய இடது கை விரல்கள் மரத்துப்போயிருந்தன. கம்பி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துப் பார்த்துத்தான் வாசிப்பாராம்.

நிரஞ்சனுக்கும் அப்படி விரல் மரத்த கோளாறுதான். வேளச்சேரி மழைத் தண்ணீரில் பள்ளம் தெரியாமல் வண்டியை விட்டான். முழங்கையில் நரம்பு போயிற்று. இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் அவனுடையவை மாதிரியே இல்லை. மதுவந்திக்கு அப்போது நிறைமாதம். குழந்தை பிறந்ததும் நர்ஸ் அவன் கையில் கொடுத்தாள். ஜானு அவனுடைய அந்த மோதிர விரலைத்தான் பிடித்துக்கொண்டாள். பிடித்தது அவனுக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்தவர்கள் சொல்லித்தான் குனிந்து பார்த்தான்.

அன்றிலிருந்து அவனுக்கு ஒரே ஆசை. பாட்டு வரவேண்டும் என்றுகூட இல்லை. குழந்தை விரலைப் பிடித்தால் தெரிய வேண்டும். மூணு வருஷம். டாக்டர், ஆயுர்வேத எண்ணெய், பிசியோ... ஒன்றும் நடக்கவில்லை. பேஸை மறுபடி வாசித்தால் விரல் பழகும் என்று எவனோ சொன்னான். வேதாந்தம் பேஸின் நெக் கைக்கு இதமாக இருக்கும் என்று இன்னொருவன் சொன்னான். உன்னை மாதிரி ஒரு அமீன்.

செகண்ட் ஹேண்டில் விற்ற அசோக் நகர் வீட்டு ஆள் கேட்டுக்கு வெளியிலேயே நின்று கிடாரைக் கொடுத்தார். உள்ளே வா என்றுகூடச் சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"சின்னப் பசங்க கைக்கு எட்டாம வெச்சுக்குங்க சார்."

இதை யாரும் சொல்வார்கள்தானே? அவனும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்து ஆம்ப்ளிஃபயரில் சொருகி, ஸ்விட்சைப் போட்டான். மதுவந்தி சமையலறையிலிருந்து கத்தினாள்.

"இன்னிக்கு வாத்தியத்தத் தொடப்படாது நிரஞ்சன்! படத்துக்கு முன்னாடி கொண்டு வை. நாளைக்குக் கார்த்தால எடுத்துக்கலாம்."

அவர்கள் வீட்டு வழக்கம் அது. அன்றைக்குப் புத்தகம், வாத்தியம் எல்லாம் சரஸ்வதிக்கு முன்னால். யாரும் தொடக் கூடாது. கிடாரையும் சந்தனம் குங்குமம் வைத்துப் படுக்க வைத்தான். விளக்கேற்றும் அவசரத்தில் ஆம்ப்பை அணைக்க மறந்துபோனான்.

ஆம்ப் ஓடினால் அடியில் ஒரு இரைச்சல் இருக்குமே... ம்ம்ம் என்று? கம்பியில் ஆள் கை பட்டால் அடங்கும். கையை எடுத்தால் மறுபடி வரும். நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறார்கள். ஸஹானாவும் இருந்தாள், அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ம்ம்ம் என்று அது ஓடிக்கொண்டே இருக்கிறது.

நின்றுவிட்டது.

திரும்பிப் பார்த்தார்கள். ஆம்ப்பில் சிவப்பு விளக்கு எரிகிறது. கிடார் படத்துக்கு முன்னால் கிடக்கிறது. பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் பன்னீர்ப் புகையிலை வாசனை... அந்த வீட்டில் புகையிலை போடுகிறவர் ஒருவரும் கிடையாது. கொஞ்ச நேரம் கழித்து, ம்ம்ம்... மறுபடி வந்தது.

"வயர் லூஸா இருக்கும்" என்றான் நிரஞ்சன். வேறென்ன சொல்வான்?

மறுநாள் விஜயதசமி. குளித்துவிட்டு வந்து கிடாரை எடுத்தான். மூன்றாவது கம்பி, ஏழாவது ஃபிரெட். கண்ணால் பார்த்துத்தான் மோதிர விரலை வைத்தான். அழுத்தினான்.

கம்பிக்கு அடியில் இன்னொரு விரல் நுனி இருந்தது.

சில்லென்று. காய்ப்புக் காய்த்து. கீழே இருந்து அவன் விரலை அழுத்தியது.

பயந்து கையை உதறியிருக்க வேண்டாமா? நானாக இருந்தால் கிடாரை ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், மூணு வருஷம் கழித்து அந்த விரலில் ஒன்று தெரிகிறது. அவன் அழுதுவிட்டான். அந்தச் சந்தோஷத்தில்தான் அந்தக் காரியத்தைச் செய்தான்.

விஜயதசமியன்று குழந்தை விரலைப் பிடித்து அரிசியில் முதல் எழுத்து எழுத வைப்பார்கள் இல்லையா? ஜானுவுக்கும் தாம்பாளத்தில் அரிசி பரப்பித் தயாராக இருந்தது.

"எழுத்து அப்புறம். நம்ம ஆத்துல மொதல் பாடம் இதுதான்" என்று அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். அவளுடைய இடது கை மோதிர விரலை அந்த இடத்தில் வைத்து, மேலே தன் விரலால் அழுத்தி, மீட்டினான்.

டப் என்று சாக வேண்டிய நாதம்... நீடித்தது. நீளமாக, கனமாக, தாம்பாளத்து அரிசி நடுங்குகிற அளவுக்கு. அடங்கவே இல்லை என்றாள் ஸஹானா. ஜானு அழவில்லை, சிரிக்கவில்லை. தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயந்திரம் நிரஞ்சன் இடது கையால் குழந்தையின் தலையைத் தடவினான். முடி தெரிந்தது. ஒவ்வொரு முடியும் தெரிந்தது. மதுவந்தி உடனே தங்கைக்குப் போன் போட்டு, அழுதுகொண்டே சொன்னாள். கபாலி கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்துவிட்டு வந்தார்கள்.

அப்புறம் மழைக்காலம். ஜானுவுக்குக் காய்ச்சல். டெங்குவாக இருக்குமோ என்று ரத்தம் எடுக்கப் போனார்கள். லேபில் இருந்த பெண் குழந்தையின் இடது மோதிர விரலைத் துடைத்து, ஊசியால் ஒரு குத்து.

ஜானு அசையவில்லை. ஊறி வருகிற ரத்தத்தை வேடிக்கை பார்த்தாள்.

"அம்மா!" என்று கையை உதறியவன் நிரஞ்சன்.

அந்தப் பெண், "சார், உங்களுக்கா பயம்?" என்று சிரித்தாளாம். நிரஞ்சனும் மதுவந்தியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

என்ன அனிருத்? விற்றுவிட்டானா என்றா? எப்படி விற்பான்? தினமும் காலையில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அதே இடத்தில் அவள் விரலை வைத்து மீட்டுகிறான். என்கிட்டேர்ந்து எடுத்துக்கோ, அவளுக்கே திருப்பிக் குடுத்துடு என்று. டப். டப். டப். மதுவந்தி எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். இப்போதெல்லாம் அவள் அழுவதுகூட இல்லை. காபி போட்டாயா, சாப்பிட்டாயா என்று கேட்கிற குரலில்தான் எல்லாவற்றையும் சொல்கிறாள் என்கிறாள் ஸஹானா. அசோக் நகர் ஆளுடைய நம்பர் உபயோகத்தில் இல்லை.

இதைச் சொல்லிவிட்டு முடித்துவிடுகிறேன்.

போன வாரம். வேளச்சேரி ஆபீஸ், மீட்டிங் நடக்கிறது. நிரஞ்சன் திடீரென்று இடது கையைப் பிடித்துக்கொண்டு அலறினான். மோதிர விரலையும் சுண்டு விரலையும் எதுவோ நசுக்குகிறது. விடவே இல்லை. விரலைப் பார்த்தால் ஒரு கீறல் கிடையாது. நாற்காலியிலிருந்து கீழே விழுந்து, அப்படியே வீட்டுக்குப் போன் போட்டான்.

"மது... ஜானு எங்க?"

"இங்கதான், ரூம்ல. கதவ சாத்திண்டு வெளயாடிண்டிருக்கா. ஒரு சத்தமும் இல்ல. ஏன்?"

"கதவத் தொற! மது, கதவத் தொற!"

போனில் அவள் ஓடுகிற சத்தம் கேட்டது. கதவின் கீல் கிறீச்சென்றது. மதுவந்தியின் கையிலிருந்து போன் தரையில் விழுந்தது.

அப்புறம் போனுக்குப் பக்கத்தில் ஜானுவின் குரல். நிதானமாக, விளையாட்டுக் குரலில்.

"அப்பா... வலிக்கறதா?"