சங்கு ஊதப்பட்டது

புது கம்ப்யூட்டர் கைக்கு வந்தால் முதல் வேலையாக எழுத்தைப் பெரிதாக்குவேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு யாரும் வேலை செய்யக் கூடாது, ஐயா. அடுத்தது அலியாஸ். நீளமான கட்டளைக்கு நாமே வைத்துக்கொள்ளும் சின்னப் பெயர் அது. ஃபைலை அழிக்கிற கட்டளையைக்கூட, 'நிஜமாகவே அழிக்கட்டுமா?' என்று கேட்டுவிட்டு அழிக்கும்படி மாற்றிவைப்பேன். லினக்ஸ் சொன்னதை அப்படியே செய்துவிடும். மனுஷனுக்குத்தான் கை தவறும்.

மரக்காணத்து உப்பள ஆபீஸில் சுலோசனாவுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுத்தவன் நான்தான். இடி மின்னல் எச்சரிக்கை வந்தால் அவள் 'சங்கு' என்று டைப் செய்ய வேண்டும். தூரத்துப் பாத்திகளில் சங்கு ஊதும், ஆட்கள் கரையேறிவிடுவார்கள். ஆபீஸுக்கு அந்தச் சத்தம் எட்டாது. அவள் புருஷன் மாயவனும் அங்கேதான் உப்பு வாரினான். அதனால் லேசாக மேகம் கறுத்தாலே ஊதிவிடுவாள்.

முதலாளி கலியமூர்த்தி ஒருநாள் வந்து கத்தினார். "இன்னொரு வாட்டி சும்மா ஊதி ஆளுங்கள கரையேத்தினா, நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

அவள் அழுதாள். ஊதினால் வேலை போகும். ஊதாவிட்டால் அவளால் உட்கார முடியாது. எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் செட்டிங்ஸில் 'சங்கு' என்ற பெயரிலேயே ஒரு அலியாஸ் வரி சேர்த்தேன். இனி 'சங்கு' என்று அடித்தால், வழக்கம்போல 'சங்கு ஊதப்பட்டது' என்று திரையில் வரும். வேறொன்றும் நடக்காது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் அப்புறம் அவளுக்கு நிம்மதி ஏது?

கொஞ்ச நாள் நல்ல வெயில். பிறகு ஒரு மத்தியானம் மேகம் திரண்டது. நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அவள் அடித்தாள். ஊதப்பட்டது என்று வந்தது. பாத்திகளைக் காட்டும் கேமராவில் பார்த்தால் ஒருவரும் வரப்பில் ஏறவில்லை. மறுபடி அடித்தாள். மாயவனுக்குப் போன் போட்டாள். போனைக் கரையில் வைத்துவிட்டு இறங்குகிறவன், எடுக்கவில்லை.

"ஐயப்பண்ணா, ஏன் ஏற மாட்டேங்குறாங்க? ஊதிட்டதாதான வருது?"

"காத்து எதிர்க்க அடிக்குதும்மா. கேட்டிருக்காது. இன்னொரு தரம் அடி."

அடித்துக்கொண்டே இருந்தாள். பார்க்கவே பாவமாக இருந்தது. என் கம்ப்யூட்டரிலிருந்து அடித்திருந்தால் ஊதியிருக்கும். அது என் முன்னால்தான் இருந்தது. ஆனால் ஊதினால் அவளுக்கு விஷயம் தெரிந்துபோகும். என்னைப் பற்றி என்ன நினைப்பாள்? எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மின்னலில் கேமரா வெள்ளையாகிப் போனது. படம் திரும்பியபோது மாயவன் பாத்தியில் குப்புறக் கிடந்தான்.

நான் சங்கைக் கெடுக்கவில்லை, ஐயா. அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். சங்கு நன்றாகத்தான் இருந்தது. கட்டளைக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டிருந்தால், அலியாஸைத் தாண்டிப் போய் ஊதியிருக்கும். கம்ப்யூட்டர் படித்தவர்களுக்கு இது சாதாரண விஷயம். பாவம், அவளுக்குத்தான் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.