இரண்டு மாத்திரை மீதி

டப்பாவில் இரண்டு மாத்திரை கூடுதலாக இருப்பது ஏன் என்று கேட்டீர்கள், மேடம். மூன்று வருடமாக நான் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. காலை எட்டு, இரவு எட்டு. "தானியேல் மாதிரி இருங்க" என்று நீங்களே மற்ற நோயாளிகளிடம் சொல்வீர்கள். எனக்கு அதில் பெருமைதான்.

எனக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்த அன்றே, மனைவிக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், கூட்டிவாருங்கள் என்றீர்கள். பிரின்சியிடம் எப்படிச் சொல்வது? அவள் அண்ணன் மோசஸ் கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலையில் என் பக்கத்து மெஷினில் நிற்கிறவன். அவன் காதுக்குப் போனால் ஆலை முழுக்கப் பரவிவிடும். அதனால் என் அக்கா சின்னப்பொண்ணை ரயிலேற்றி அழைத்துவந்தேன்.

"உனக்குப் பொண்டாட்டின்னு நான் கையெழுத்துப் போடணுமா? இன்னாடா பேஜாரு இது" என்றாள். ஆனாலும் தம்பி ஆயிற்றே. பிரின்சி என்று எழுதிவிட்டுக் கையை நீட்டினாள். என் கோப்பில் 'மனைவிக்குத் தொற்று இல்லை' என்று எழுதிய கையோடு எங்களை வாழ்த்தவும் செய்தீர்கள்.

வீட்டில் இதற்கு வயிற்றுப்புண் மாத்திரை என்று பெயர். எட்டு அடித்தால் பிரின்சி தண்ணீரோடு வந்து நிற்பாள். எனக்கு ஏழு கிலோ எடை கூடியது. அவள் இளைத்துக்கொண்டே போனாள். காய்ச்சல், வாயெல்லாம் புண். ஊத்துக்கோட்டையில் அவள் அம்மா வீட்டருகே இருந்த டாக்டர் டைபாய்டு என்றார். படித்தவர் சொல்கிறார், நான் குறுக்கே பேசவில்லை.

"உங்களுக்கு நல்லா கேக்குதே, அந்த மாத்திரையில எனக்கும் ஒண்ணு குடுங்களேன்" என்றாள் ஒருநாள்.

கொடுக்கவில்லை. ஒருவர் மாத்திரையை இன்னொருவர் சாப்பிடக் கூடாது என்று முதல் நாளே நீங்கள் சொல்லியிருந்தீர்கள்.

இங்கே கூட்டிவந்திருந்தால் பிழைத்திருப்பாள். அது எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் என்னைத்தானே பார்த்தேன். ஆனால் என்னை நல்லவன் என்று முழுசாக நம்பிய ஒரே ஆள் அவள். கடைசிவரை அந்த நம்பிக்கைக்குக் குறை வராமல் பார்த்துக்கொண்டேன். அவளுக்காக என்னால் செய்ய முடிந்தது அது.

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் போய்விட்டாள். அன்றைக்குத்தான் இரண்டு வேளை தப்பியது. தண்ணீர் கொண்டுவர ஆளில்லை, மணி பார்க்க மறந்துவிட்டேன்.

இனி அப்படி ஆகாது, மேடம். அலாரம் உள்ள செல்போன் ஒன்று வாங்கிவிட்டேன்.